வீதி யார் வீட்டுச் சொத்து?

வீதி எவருக்குச் சொந்தம் என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பர். "வீதி பொதுவாயிற்றே! இதுகூடத் தெரியாதா?" என்பர். தெரியும், தோழர்களே, அனைவருக்கும் தெரியும்! மேடையிலே கேட்டால் தெரியும். தேர்வுத் தாளிலே கேட்டால் தெரியும். ஆனால் காரின் கதவைச் சாத்தி, சாவியைச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு, தான் அடைத்து நிறுத்தியிருப்பது ஒருவர் வீட்டு வாயில் என்பதைக் கண்ணாலே கண்டும் கருத்திலே கொள்ளாமல் நடந்து செல்கிறாரே ஒருவர், அவருக்கு அந்த வினாடியில் மட்டும் அது மறந்துவிடுகிறது. அந்த வினாடியில் வீதி அவருடையது, வாயில் அவருடையது, வாயிலுக்கு உள்ளே இருப்போரின் நேரமும் அவருடையது!

"வண்டி நிறுத்தும் விவகாரம்! இதற்கொரு கட்டுரையா? நாட்டிலே நலிவுகள் ஆயிரம் இருக்க, நடுத்தெருவிலே நிற்கும் காரைப் பற்றியா பேசுவது?" என்று நம் இளைஞர் சிலர் எண்ணக்கூடும். சிறிய விவகாரந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆணவம் எப்போதும் சிறிய பொருள்களிலேதான் குடியிருந்து வந்திருக்கிறது. தோளிலே கிடந்த துண்டிலே குடியிருந்தது; காலிலே கிடந்த செருப்பிலே குடியிருந்தது; ஊர்த்தெருவிலே ஏறிச் செல்லக்கூடாது, உருட்டிச் செல் என்று தடுக்கப்பட்ட மிதிவண்டியிலே குடியிருந்தது. எதிரே வருபவனை நம்மைப் போல் ஒருவன் என்று மதிக்கிறோமா என்பதற்கு, மாநாட்டிலே கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானத்தைவிட, ஆளில்லாத வேளையிலே நாம் வண்டியை எங்கே விட்டுச் செல்கிறோம் என்பதே நல்ல உரைகல்.

பொதுவீதி என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் 'பொது' என்ற சொல் வானத்திலிருந்து வந்து விழவில்லை. 1893-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரில், வெங்கானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டியிலே ஏறி அமர்ந்து, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பாதையிலே ஓட்டிச் சென்றார். வண்டி ஓட்டுவதே ஒரு புரட்சியாக இருந்தது அன்று! 1924 மார்ச் 30-ஆம் நாள் வைக்கத்திலே கிளர்ச்சி தொடங்கிற்று. கேட்டது என்ன? கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலே நடக்க உரிமை; நடக்க மட்டும்! அதற்காக ஏப்ரலிலே அங்கு சென்ற பெரியார் இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையார் வீதிக்கு வந்து நின்றார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத்து வீதிகள் திறந்தன. கிழக்கு வீதியோ அப்போதும் திறக்கவில்லை. இருபது மாதம் பாடுபட்டுப் பெற்றது, மூன்று வீதிகள்! அந்தக் கணக்கை அறிந்தவன், வீதியிலே ஓர் அடியையும் அலட்சியமாக அடைக்கமாட்டான்.

வைக்கத்து வேதனையும் வாயிலை அடைத்த காரால் வரும் தொல்லையும் ஒன்று என்று கூறுமளவு நாம் மதிகெட்டவரல்லர். அன்று வழியை மறித்தது சாதி. அதற்கு அரண் சாத்திரம். இன்று வழியை மறிப்பது வசதி. அதற்கு அரண் அலட்சியம். துன்பத்தின் அளவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. எனினும் இரண்டுக்கும் அடியிலே ஓடுகின்ற எண்ணம் ஒன்றே: "என் வழி முதலில், உன் வழி, நான் விட்டால்!"

அந்த எண்ணத்தை மறைக்கவும் முயல்வதில்லை சிலர். வண்டியின் பின்புறக் கண்ணாடியைப் பாருங்கள். 'ஆண்ட பரம்பரை' என்று எழுதியிருக்கும். எதை ஆண்டார்களோ, எப்போது ஆண்டார்களோ, இப்போது ஆள்வது நம் வீட்டு வாயிலை! முன்புறக் கண்ணாடியிலே வேறு சிலர் தம் தொழிலை, பதவியை, அலுவலகத்தை ஒட்டிவைப்பர். 'நான் இன்னார், என்னைக் கேளாதே' என்பது அந்தச் சீட்டின் பொருள். 2024-ஆம் ஆண்டிலே சென்னைக் காவல்துறை அத்தகைய சீட்டுகளுக்குத் தடை அறிவிக்க வேண்டியதாயிற்று என்றால், நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பது விளங்கும்.

தியாகராய நகருக்குச் சென்று பாருங்கள். 1920-களிலே, நீதிக்கட்சி ஆட்சி நடத்திய நாளிலே, மாம்பலத்து ஏரி நிலத்தில் திட்டமிட்டு எழுப்பிய நகர் அது. நகருக்குச் சர் பிட்டி தியாகராயர் பெயர். பூங்காக்களுக்குப் பனகல் அரசர் பெயரும் டாக்டர் நடேசனார் பெயரும். பெருஞ்சாலை ஒன்றுக்கு உஸ்மான் பெயர். எல்லார்க்கும் இடம் வேண்டும் என்று கேட்டவர்களின் பெயர் தாங்கிய அந்த வட்டாரத்திலே, பண்டிகைக் காலம் வந்துவிட்டால், குடியிருப்போர் தம் வீட்டிலிருந்து தாமே வெளியேற இடம் கேட்டு நிற்கின்றனர். பட்டுப்புடவை வாங்க வந்தவரின் கார் வாயிலிலே. அவரோ நான்காவது மாடியிலே!

சற்றுக் கணக்குப் பார்ப்போம். பகுத்தறிவு என்பது கணக்குப் பார்ப்பதுதானே! தெருவின் அகலம் 20 அடி என்று கொள்வோம். கார் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 6 அடி. இருபுறமும் கார் நின்றால், நடுவிலே மிஞ்சுவது 8 அடி. தீயணைப்பு வண்டியின் அகலமும் ஏறத்தாழ 8 அடி! தீ பிடித்தால், காரை நிறுத்தியவரின் வீட்டுக்குக்கூட உதவி வந்து சேராது. இனி நேரத்தைக் கணக்கிடுவோம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடுகின்ற கார், மிச்சம் 22 மணி நேரம் நிற்கிறது. எங்கே நிற்கிறது? பொது நிலத்திலே, வாடகையின்றி! நான்கடி இடத்திலே கூடை வைத்துப் பூ விற்கும் மூதாட்டியை 'ஆக்கிரமிப்பு' என்று கூறி விரட்டுகிறோம். பதினைந்தடி நீளமுள்ள கார், உறைபோட்டு மூடப்பட்டு, வாரக்கணக்கில் அதே இடத்திலே துயில் கொள்கிறது. அதனை எவரும் 'ஆக்கிரமிப்பு' என்று அழைப்பதில்லை. பூக்கூடைக்கு ஒரு நீதி, புதுக்காருக்கு ஒரு நீதி! மனுவின் நூல் மறைந்தாலும் மனுவின் முறை மறையவில்லை.

வாயிலை மறிப்பவரிடம் சென்று கேட்டால், மூன்று பதில்கள் கிடைக்கும்.

முதற் பதில்: "ஐந்து நிமிடந்தானே!" அவருக்கு ஐந்து நிமிடம். உள்ளே இருப்பவருக்கோ அது எப்போது முடியும் என்று தெரியாத ஐந்து நிமிடம். முடிவு தெரியாத காத்திருப்புக்குக் கடிகாரக் கணக்கு பொருந்தாது.

இரண்டாம் பதில்: "எல்லோருந்தானே நிறுத்துகிறார்கள்!" மூடப்பழக்கம் ஒவ்வொன்றுக்கும் அதன் ஆதரவாளர் கூறிய காரணம் இதுவேயன்றோ? எல்லோரும் செய்வதால் ஒரு செயல் நியாயமாகிவிடுமானால், சீர்திருத்தம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

மூன்றாம் பதில்: "வீடு உம்முடையது, வீதியும் உம்முடையதோ?" இதுதான் கூர்மையான கேள்வி. சினத்தோடு கேட்கப்பட்டாலும் சிந்திக்க வேண்டிய கேள்வி. இதற்கு நேர்மையான விடை, "இல்லை" என்பதே! வாயிலின் எதிரே உள்ள நிலம் நமக்குச் சொந்தமன்று. நமக்குள்ள உரிமை, வாயிலின் அகலத்திற்கு வந்துபோகும் வழி, அவ்வளவே. மதிற்சுவரின் எஞ்சிய நீளத்திற்கு எதிரே, விதி தடுக்காத இடத்தில், எவரேனும் ஒழுங்காக வண்டியை நிறுத்தினால், அதைத் தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

இதை வீட்டுக்காரர் பலர் ஒப்புக்கொள்வதில்லை. சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாக வைப்பர். சிமெண்டு நிரப்பிய வண்ணத் தகரங்களை வைப்பர். உடைந்த நாற்காலியைக் காவல் நிறுத்துவர். பூந்தொட்டியை வைத்து, அதனைச் சூழக் கம்பிவேலி போட்டு, அடுத்த ஆண்டு அந்த வேலியைச் சுவராக்குவர். வீட்டுக்குள் கார் ஏறுவதற்கான சாய்தளத்தை நடைபாதைக்கு மேலே நீட்டி, நடந்து செல்வோரை நடுத்தெருவுக்குத் துரத்துவர். பிறகு, "நிறுத்தினால் காற்றுப் பிடுங்கப்படும்" என்று பலகையும் மாட்டுவர்! கி.மு. ஏழாம் நூற்றாண்டிலே அசிரிய மன்னன் சென்னாக்கெரிப், நினிவே நகரின் அரச வீதியை அகலமாக்கி, வீட்டை வீதிக்குள்ளே நீட்டிக் கட்டுவோன் அவன் வீட்டின் மேலேயே கழுவேற்றப்படுவான் என்று கல்லிலே பொறித்து வைத்தான். அந்தக் கழுமரம் நமக்கு வேண்டா. ஆனால் வீதியை விழுங்குவோர் வண்டிக்காரர் மட்டுமல்லர், வீட்டுக்காரரும் உளர் என்பதை அந்த மன்னன் அன்றே அறிந்திருந்தான்.

வேறொரு வகை வீட்டுக்காரர் உளர். அவர் சட்டத்தையும் நாடார், மனிதரையும் நாடார், சாமிகளை நாடுவார்! மதிலிலே கடவுளர் படம் பொறித்த ஓடுகளை வரிசையாகப் பதிப்பார். மனிதன் சொன்னால் கேளாதவன், மண்ணோட்டைக் கண்டால் அஞ்சுவான் என்ற நம்பிக்கை. வருகிறவர் என்ன செய்கிறார்? ஓட்டுக்குக் கும்பிடு போடுகிறார்; வாயிலுக்குக் குறுக்கே காரை நிறுத்துகிறார்! பக்திக்கும் பண்புக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அளந்து காட்ட வேறென்ன வேண்டும்? புதுக்கார் வாங்கிய அன்று நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். அந்தப் பழம் சக்கரத்துக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர், அந்தச் சக்கரம் யார் வழியிலே நிற்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நம் தெருவிலே நடந்த ஒன்றைக் கூறுவது இங்கே பொருந்தும். தெருவின் கோடியிலே ஒரு திருமண மண்டபம். நமது அன்னையார்க்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு. நடக்க இயலாது, சக்கர நாற்காலி. காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் முறை. ஒரு முகூர்த்த நாள் காலை ஆறு மணிக்கு இரும்புக் கதவைத் திறக்கிறோம். கதவு பாதி திறந்து, ஒரு வெள்ளைக் காரிலே இடித்து நிற்கிறது. ஆள் புகலாம், நாற்காலி புகாது. ஆட்டோ தெருவிலே காத்திருக்கிறது. அன்னையார் வாயிலுக்கு இப்புறம், கைப்பையை மடியிலே வைத்துக்கொண்டு, "அவசரப்படாதே, வந்துவிடுவார்கள்" என்று நமக்கு ஆறுதல் கூறுகிறார்.

அண்டை வீட்டு இளைஞர்கள் கூடிவிட்டனர். "காற்றைப் பிடுங்கிவிடுவோம், அண்ணே! அப்போதுதான் புத்தி வரும்" என்றார் ஒருவர். "காற்றைப் பிடுங்கினால், தம்பி, புத்தி வருமோ வராதோ, கார் நகராது! போக வேண்டியது கார். அதன் காலை ஒடித்தால் எப்படிப் போகும்?" என்றோம். சினம் கொண்டவர்களும் சிரித்துவிட்டனர். ஒருவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார். நாதசுர ஒலிக்கு இடையே அறிவிப்புச் செய்து, உரியவரைத் தேடிப் பிடித்து அழைத்துவர நாற்பது நிமிடம் ஆயிற்று.

வந்தவர் முப்பத்தைந்து வயதினர், பட்டு வேட்டி, நெற்றியிலே சந்தனம். கொடியவர் அல்லர். "மன்னித்துக்கொள்ளுங்கள், ஐயா! நல்ல நேரம் தவறிவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்" என்றார்.

"அம்மாவுக்கும் ஒரு நேரம் குறித்திருந்தார்கள், தம்பி. குறித்தவர் சோதிடர் அல்லர், மருத்துவர்" என்றோம்.

அவர் தலை தாழ்ந்தது. காரை எடுத்தார். மருத்துவமனையிலே நமது முறை வேறொருவருக்குப் போய்விட்டது. நண்பகல் வரை அன்னையார் காத்திருந்தார். யாரோ ஒரு மணமக்களுக்கு நல்ல நேரம் தவறவில்லை. நல்ல நேரம், கெட்ட நேரம் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கும் நாட்டிலே, பிறர் நேரத்தைக் கெடுப்பது கெட்டது என்று எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை!

மறுநாள் தெருவினர் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டு, மண்டபத்து நிர்வாகிக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். கடும் சொல் ஒன்றுமில்லை. எந்தெந்த வாயில், எத்தனை அடி, எந்த வீட்டில் முதியவர், எந்த வீட்டில் குழந்தை என்று எழுதி, தெருவின் வரைபடமும் வரைந்து இணைத்தோம். அடுத்த முகூர்த்தம் முதல், தெருமுனையிலே ஓர் ஆள் நின்று வண்டிகளை ஒருபுறமாக ஒழுங்குபடுத்தலானார். முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்னும் சில நாள் எவரேனும் மறிக்கத்தான் செய்கிறார். ஆனால் முன்பு நாம் ஒரு வீட்டார் முணுமுணுத்தோம். இப்போது ஒரு தெருவே பேசுகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம், 122-ஆம் பிரிவிலே, பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ தடையோ தகாத தொல்லையோ விளையும்படி வண்டியை நிறுத்திவைக்கலாகாது என்கிறது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள், நடைபாதையின் மீதும், பள்ளி, மருத்துவமனை வாயில் அருகிலும், ஒரு மனையின் நுழைவாயிலை அடைத்தும் நிறுத்தலாகாது என்று பட்டியலே போட்டன. அவற்றின் இடத்திலே 2017-இல் வந்த விதிகளும், பிறர் வாயிலை அடைக்கும் உரிமையை எவருக்கும் வழங்கிவிடவில்லை. ஆகவே, வாயில் மறிக்கப்பட்டவர் கெஞ்சவேண்டியதில்லை, கொதிக்கவேண்டியதும் இல்லை. முதலிலே தேடிச் சென்று கேட்கவேண்டும்; கேளாவிடில், வண்டி எண் தெரியப் படம் எடுத்துக்கொண்டு காவல்துறையை அழைக்கவேண்டும். கல்லெறிவதும் கண்ணாடி உடைப்பதும், நியாயம் நம்மிடம் இருந்த வழக்கிலே நம்மைக் குற்றவாளியாக்கி, மறித்தவரை வாதியாக்கிவிடும்.

சட்டத்தோடும் முடிந்துவிடாது. கார்கள் பெருகுகின்றன, தெருக்கள் பெருகவில்லை. ஜப்பானிலே 1962-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தனர். அதன்படி, பெரும்பாலான இடங்களிலே, கார் வாங்குவோர் முதலில் அதை வைக்க இடம் இருப்பதைக் காவல்துறைச் சான்றோடு காட்டவேண்டும். வீதியைக் காட்டித் தப்ப முடியாது. இங்கே 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள், வீடும் கடையும் மண்டபமும் கட்டுவோர் வண்டி நிறுத்த இடம் விடவேண்டும் என்கின்றன. வரைபடத்திலே இடம் இருக்கும். கட்டி முடித்தபின் அந்த இடத்திலே கிடங்கு இருக்கும், கடை இருக்கும், சில மண்டபங்களிலே பந்தியே நடக்கும்! காகிதத்திலே உள்ள இடத்தைத் தரையிலே கேட்பதும், நல்ல பேருந்து வேண்டுமென்று கேட்பதும், நடைபாதையை நடப்போருக்கே விடு என்று கேட்பதும், இயக்கத் தோழர்களின் வேலை. காரில்லாதவர்கள்தாம் இந்நாட்டிலே பெரும்பாலோர்; அவர்களின் வீதி அது.

கேட்பவன், கேட்கும் தகுதியோடு நிற்கவேண்டும். நம் பொதுக்கூட்டத்துக்கு மேடை போடும்போது, அந்தத் தெருவின் கடைசி வீடு வரை வழி இருக்கிறதா என்று நடந்து பார்க்கவேண்டும். தலைவரை அழைத்து வரும் கார்கள், ஒரு வீட்டு வாயிலையும் மறிக்காமல் நிற்கத் தொண்டர் இருவர் தெருமுனையிலே நிற்கவேண்டும். வண்டியை எங்கே நிறுத்தினாலும், நம் கைப்பேசி எண்ணைக் கண்ணாடியிலே எழுதி வைக்கவேண்டும். செலவு ஒரு துண்டுத்தாள். பயன், ஒருவர் அலைந்து தேடாமல் நம்மை அழைக்கலாம். இறங்கியபின் ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். நாம் விட்டுச் செல்லும் வண்டிக்குப் பின்னே ஒரு வாயில் இருக்கிறதா, அந்த வாயிலுக்குள்ளே ஒரு நோயாளி இருக்கலாமே என்று எண்ணவேண்டும். அந்த எண்ணத்துக்கு வேதமும் தேவையில்லை, விரதமும் தேவையில்லை, அறிவு போதும்.

சாத்திரத்தை ஒதுக்கி, சடங்கை விலக்கி, சுயமரியாதைத் திருமணம் நடத்துகிறோம். 1967-ஆம் ஆண்டிலே அண்ணா அரசு கொண்டுவந்த சட்டம் அதற்கு ஏற்பு அளித்தது, பெருமைக்குரிய செய்தி. அத்தகைய மணவிழா நடக்கும் மண்டபத்தின் வெளியே, பிறர் மரியாதையை மதியாத கார் ஒன்று நிற்கலாமா? உள்ளே நாம் பேசும் பேச்சுக்கு, வெளியே நிற்கும் நம் வண்டிதான் சாட்சி. சாட்சி நம் பக்கம் பேசட்டும், தோழர்களே!